மகள் கல்யாணத்துக்கு இன்னும் 11 வாரம்: கன்னத்துக்குக் கொழுப்பு ஏற்றிக்கொள்ளலாமா?

சாந்தி_ஈசூன் எழுதியது:

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வருகிறவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 48, பாலர் பள்ளி ஆசிரியை. போன வருடம் சர்க்கரை எகிறி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8.4 வந்தபோது பலதுறை மருந்தகத்து டாக்டர் மாத்திரையை மாற்றி, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பயந்துபோய் உண்மையாகவே குறைத்தேன். சோற்றைப் பாதியாக்கி, தினமும் சாயங்காலம் ஈசூன் குளத்தைச் சுற்றி நடந்து, 68 கிலோவிலிருந்து 56க்கு வந்தேன். சர்க்கரை இப்போது 6.2.

உடம்புக்கு நல்லதுதான், ஆனால் முகம் விழுந்துவிட்டது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பள்ளம், நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் உள்ளே போய்விட்டது. வகுப்பில் ஒரு பிள்ளை என் மடியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்குக் கீழே விரலை வைத்து, "டீச்சர் நேத்து அழுதீங்களா?" என்று கேட்டது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர்கள் முறுக்கை எடுக்கும் முன்பே "என்ன இப்படி வற்றிப்போய்விட்டீர்கள்" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒரு பெரியம்மா என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன வியாதி, மறைக்காமல் சொல் என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தை மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம், சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில். சரியாக 11 வாரம் இருக்கிறது. அதனால் போன சனிக்கிழமை ஒரு அழகியல் மருந்தகத்துக்குப் போனேன். வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்துக் கன்னம், கண்ணுக்குக் கீழ், நெற்றிப்பொட்டு எல்லாவற்றுக்கும் ஏற்றலாம் என்றார்கள். ஊசியால் ஏற்றி நிரப்பும் ஃபில்லர் மாதிரி வெளிப்பொருள் இல்லை, உங்கள் சொந்தக் கொழுப்பு, அதனால் பக்கவிளைவு கிடையாது, நிரந்தரம், ஐந்தே நாளில் வேலைக்குப் போகலாம் என்று ஆலோசகர் பெண் சொன்னார். டாக்டர் கடைசியில் வந்து ஐந்து நிமிடம் பார்த்தார். 9,800 வெள்ளி, அதற்கு மேல் பொருள் சேவை வரி. இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் 1,500 வெள்ளி தள்ளுபடி. சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் இதற்கெல்லாம் கிடையாது, அது தெரியும், சேர்த்து வைத்த காசு இருக்கிறது.

செய்துகொண்டவர்கள் யாராவது உண்மையாக எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். கல்யாணத்துக்குள் சரியாகிவிடுமா? சர்க்கரை இருப்பவர்கள் செய்யலாமா? மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

---

வசந்தா_சுவாசூகாங் எழுதியது:

சாந்தி, முதலில் 12 கிலோ குறைத்துச் சர்க்கரையை 6.2க்குக் கொண்டுவந்ததற்கு உங்களைக் கட்டிப்பிடிக்கவேண்டும். அதை வந்தவர்கள் ஒருத்தர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் மூன்று வருடத்துக்கு முன்னால் செய்துகொண்டேன், அப்போது எனக்கு 51. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்குத் தொடையிலிருந்து எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்ததால் எடுத்ததும் ஏற்றியதும் எனக்குத் தெரியாது, மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆனதாகச் சொன்னார்கள். கன்னத்துக்கு ஒரு பக்கம் 7 மில்லி, நெற்றிப்பொட்டுக்கு ஒரு பக்கம் 4 மில்லி, அவ்வளவுதான். மில்லி கணக்கைக் கேட்டு இவ்வளவு கொஞ்சமா என்று நினைத்தேன், ஆனால் முகத்துக்கு அதுவே நிறைய. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி தொடையில் குத்திய ஓட்டைகளிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. கொழுப்பை எடுக்கும் முன்பு உள்ளே செலுத்திய உப்புநீர்தான் அது, முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. என் கணவருடைய பழைய கைலியை நாலாக மடித்து, அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுப் படுத்தேன், காலையில் கைலி முழுக்க நனைந்திருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன்.

வலி முகத்தில் இல்லை, தொடையில்தான். புளோக் படியில் இருபது மாடி ஏறி இறங்கின மறுநாள் இருக்குமே, அந்த மாதிரி. இறுக்கமான காற்சட்டை ஒன்று கொடுத்து நான்கு வாரம் ராத்திரி பகலாகப் போடச் சொன்னார்கள், நம் வெயிலில் அது தனி வேதனை.

முகம்தான் விஷயம். நாலாம் நாள் கண்ணாடியைப் பார்த்து அழுதேன். கன்னம் இரண்டும் உப்பி, கண் சிறுத்து, தாடைவரை நீலமும் மஞ்சளுமாக. ஐந்து நாளில் வேலைக்குப் போகலாம் என்றார்களா? நான் இரண்டரை வாரம் விடுப்பு எடுத்தேன், அதற்கப்புறமும் ஒரு வாரம் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் எம்ஆர்டி ரயிலில் போனேன். ஒருவர் பார்த்து "அலர்ஜியா?" என்று கேட்டார்.

அப்புறம் ஆறாவது வாரம் நேர்மாறாக ஒரு பயம். வீக்கம் வடிய வடிய, ஏற்றியதெல்லாம் போய்விட்டது, காசு வீண் என்று தோன்றியது. எது நிற்கும் எது போகும் என்று தெரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. ஏற்றியதில் ஏறத்தாழ பாதி நின்றதாக டாக்டர் படத்தை வைத்துக் காட்டினார். நின்றது இன்றும் இருக்கிறது, எனக்குத் திருப்திதான், மறைக்கவில்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு போகவில்லை. அது தோல் நிறம், நம் ஆட்களுக்குப் பரம்பரையாகவே வரும், கொழுப்பை வைத்து நிறத்தை மாற்ற முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். தாடை ஓரத்தில் தொங்குவதும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. இரண்டாம் வருடம் நான் நாலு கிலோ போட்டேன், கன்னமும் சேர்ந்து உப்பியது. தொடைக் கொழுப்பு முகத்துக்கு வந்தாலும் தொடைக் கொழுப்பின் குணம்தான். எடை நிலையாக இல்லாமல் செய்யாதீர்கள்.

11 வாரம்? என்னைக் கேட்டால் வேண்டாம்.

---

தாதி_ரவி எழுதியது:

வசந்தா அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை கூட மிகை இல்லை. நான் அறுவை அறைத் தாதி, 16 வருடமாக இந்த வேலை, இந்தச் சிகிச்சைக்கும் பல தடவை உள்ளே நின்றிருக்கிறேன். உங்கள் ஆலோசகர் சொன்ன "சொந்தக் கொழுப்பு, அதனால் பக்கவிளைவு கிடையாது" என்பதைப் படித்ததும் கோபம் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த கொழுப்பைச் சிரிஞ்சில் நிமிர்த்தி நிற்க வைத்தால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே உடைந்த செல்களிலிருந்து வந்த எண்ணெய், தெளிந்த மஞ்சளாக. அடியில் இரத்தம் கலந்த நீர். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது, வெளுத்த மஞ்சளில் குழைந்த பருப்பு மாதிரி இருக்கும். சில டாக்டர்கள் வடிகட்டுவார்கள், சிலர் கழுவுவார்கள், சிலர் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் இயந்திரத்தில் சுற்றுவார்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று, 3 நிமிடம் என்பது அமெரிக்காவில் சிட்னி கோல்மன் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் பரப்பிய முறை. இந்த யோசனையே பழையது, 1893இல் ஜெர்மனியில் நாய்பர் என்ற மருத்துவர் கையிலிருந்து கொழுப்பு எடுத்து முகத்தில் பள்ளம் விழுந்த தழும்பை நிரப்பியிருக்கிறார். ஆக இது நேற்று வந்த ஃபேஷன் சிகிச்சை கிடையாது, தெரிந்தவர் கையில் நல்ல சிகிச்சைதான்.

ஆனால் அந்தக் கொழுப்பு உயிருள்ள பொருள். எடுத்த நிமிடமே அதற்கு இரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புது இடத்தில் முதல் சில நாள் சுற்றியிருக்கும் நீரை உறிஞ்சித்தான் பிழைக்கும், அதற்குள் புது இரத்தக் குழாய் உள்ளே வந்து சேர வேண்டும், எட்டாத செல் செத்துப்போகும். நான் மன்னார்குடிப் பக்கம், எங்கள் அப்பா நாற்று நடுவதைப் பார்த்திருக்கிறேன். கொத்தாகப் பிடுங்கி ஒரே இடத்தில் அமுக்கினால் நடுவில் இருப்பது அழுகும், பிரித்துப் பிரித்து நட்டால்தான் வேர் பிடிக்கும். இங்கேயும் அதேதான், நல்ல கையுள்ள டாக்டர் ஒவ்வொரு இழுப்புக்கும் துளித் துளியாக, வெவ்வேறு ஆழத்தில், நிறைய வழித்தடத்தில் வைப்பார். அவசரக்காரர் ஒரே இடத்தில் கொட்டுவார், அது எண்ணெய்க் கட்டியாகவோ கல் மாதிரியோ ஆகிவிடும். எவ்வளவு நிற்கும் என்பது 30 சதவீதத்திலிருந்து 70 வரை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. உங்களுக்கு எவ்வளவு என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, "நிரந்தரம்" என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது.

அடுத்தது நான் சொல்லியே ஆகவேண்டியது. முகத்தில் எதை ஏற்றினாலும் அது தவறி இரத்தக் குழாய்க்குள் போக வாய்ப்பு உண்டு. அபூர்வம், ஆனால் உண்டு. புருவ நடுவும் மூக்கும் மோசமான இடங்கள், நெற்றிப்பொட்டும் கவனமாகக் கையாள வேண்டிய இடம்தான், ஏனென்றால் அங்கே ஓடும் குழாய்களுக்குக் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்பு இருக்கிறது. அழுத்தத்தில் பின்னோக்கிப் போய் அங்கே அடைத்தால் பார்வை போகும், பக்கவாதம் கூட வந்திருக்கிறது. ஹையலுரோனிக் அமில ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்க ஹையலுரோனிடேஸ் என்ற ஊசி இருக்கிறது, தோல் கறுக்க ஆரம்பித்தால் உடனே போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். கொழுப்புக்குக் கரைக்கும் ஊசியே கிடையாது. இதனால்தான் மழுங்கிய முனையுள்ள கேனுலா என்ற மெல்லிய குழாய், சின்ன 1 மில்லி சிரிஞ்சு, பின்னால் இழுத்துக்கொண்டே மெதுவாக வைப்பது என்று இத்தனை ஒழுங்கு. நீங்கள் போன இடத்தில் இதைப் பற்றி ஒரு வாய் பேசினார்களா?

டாக்டரைப் பற்றியும் பாருங்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் அவர் நிபுணரா, எந்தத் துறை என்று வரும். பிளாஸ்டிக் சர்ஜரி பதிவு பெற்ற நிபுணத் துறை. அழகியல் மருத்துவம் என்று தனி நிபுணத் துறை இங்கே கிடையாது, அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. கொழுப்பு உறிஞ்சுவதை எல்லா மருந்தகமும் நினைத்தபடி செய்ய முடியாது, சுகாதார அமைச்சின் தனி அனுமதி வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. 2009 டிசம்பரில் இங்கே ஒரு மருந்தகத்தில் கொழுப்பு உறிஞ்சிக்கொண்ட ஒருவர் அன்றே இறந்துபோனார், மயக்க மருந்தில் மூச்சுவழி அடைபட்டது என்று மரண விசாரணையில் தெரிந்தது. அது வயிற்றில் செய்த பெரிய சிகிச்சை, உங்களுடையது சின்ன அளவு, இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு கேள்வியை விடவே கூடாது: எனக்கு மயக்கம் கொடுத்திருக்கும்போது என் மூச்சையும் ஆக்சிஜனையும் மட்டும் பார்த்துக்கொண்டு யார் நிற்பார்? ஏற்றுகிற டாக்டரே அதையும் பார்த்துக்கொள்வார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு வாரத் தள்ளுபடியெல்லாம் சிகிச்சைக்கு ஆகாது, அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

---

நிலா78 எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கே "கண்ணுக்குக் கீழ்" என்ற வார்த்தையைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

நான் இதை வெளிநாட்டில் செய்தேன், எந்த ஊர் எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. விலை இங்கே சொன்னதில் பாதி, நான்கு நாள் பயணம், தங்குமிடம் சேர்த்து. இரண்டாம் நாள் செய்து நாலாம் நாள் விமானம் ஏற்றிவிட்டார்கள். மூன்று மாதம் வீக்கம் வடியும் வடியும் என்று காத்திருந்தேன், வடிந்தபோது இடது கண்ணுக்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி எழுந்து நின்றது. சிரித்தால் இன்னும் மேலே ஏறும். இமைக்குக் கீழே தோல் எவ்வளவு மெலிசு என்று விரலால் தொட்டுப் பாருங்கள், அங்கே ஒளித்து வைக்க இடமே இல்லை, கொஞ்சம் கூடினாலும் கொஞ்சம் மேலாக வைத்தாலும் எல்லோருக்கும் தெரியும்.

செய்த இடத்துக்குப் படம் அனுப்பினேன், மசாஜ் செய்யுங்கள் என்று பதில் வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. இங்கே இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள், வேறு ஒருவர் வைத்ததில் கைவைக்கத் தயங்கினார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மூன்றாவது டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்தார். கட்டி கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மேலே தோல் மெலிந்து நிறம் வெளுத்துப்போனது. கடைசியில் கீழ் இமையின் உட்புறம் வழியாகத் திறந்து எடுத்தார்கள். எல்லாம் முடிய ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் எடுத்த ஒரு படத்திலும் நான் நேராகப் பார்த்துச் சிரிக்கவில்லை, தம்பி கல்யாணப் படம் உட்பட.

சாந்தி அக்கா, செய்வதாக இருந்தால் கூடக் கன்னத்தை மட்டும் முதலில் செய்யச் சொல்லுங்கள். கன்னம் நிறைந்தாலே கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் பாதி குறையும் என்று கடைசியாகப் பார்த்த டாக்டர் எனக்கு விளக்கினார், இதை முதலில் யாராவது சொல்லியிருக்கலாம். எங்கே செய்தாலும் சரி, ஆறு மாதம் கழித்து அதே டாக்டர் முன்னால் போய் உட்கார முடிகிற ஊராக இருக்கட்டும்.

---

சாந்தி_ஈசூன் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நிலா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன்மா.

ரவி தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு கேள்வியையும் அந்த மருந்தகத்துக்குப் போன் செய்து கேட்டேன். மூச்சைப் பார்ப்பது யார் என்றதற்கு "எங்கள் டாக்டர் ரொம்ப அனுபவசாலி" என்றார்கள். பார்வை போகுமா என்றதற்கு "அதெல்லாம் இணையத்தில் படித்துப் பயப்படாதீர்கள்" என்றார்கள். பதிவேட்டில் தேடினேன், அவர் நிபுணர் பட்டியலில் இல்லை. முன்பணம் கட்டவில்லை.

நேற்று மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், தாரை வார்க்கும்போது நீ பக்கத்தில் நிற்கவேண்டும், வீங்கின முகத்தோடு வீட்டில் உட்காரக்கூடாது என்றாள். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள், கல்யாணத்துக்காக இல்லாமல் உனக்காக வேண்டும் என்றால் அடுத்த வருடம் நானே கூட வருகிறேன் என்று. அதனால் இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறேன், விட்டுவிடவில்லை. எனக்கு இது வேண்டும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது, அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

கல்யாணத்துக்கு மட்டும் ஃபில்லர் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா? அப்புறம் அடுத்த வருடம் கொழுப்பு ஏற்றுவதற்கு அது தடையாக இருக்குமா? சர்க்கரைக்கு நான் எடுக்கும் மாத்திரை மெட்ஃபார்மினும் எம்பாக்ளிஃப்ளோசினும்.

---

ஜோதி_தோபாயோ எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும், நான் பல் மருந்தகத்தில் உதவியாளர். சாந்தி அக்கா, மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் இருக்கின்றனவா? பின்பல் பலவற்றை எடுத்துவிட்டு அப்படியே விட்டவர்களுக்குப் பல் இருந்த இடத்து எலும்பு வருடக் கணக்கில் கரைந்துபோகும், கன்னத்துக்கு உள்ளே தாங்கல் இல்லாமல் போய்விடும். எடை குறைந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது என்று எங்களிடம் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஈறு நோயும் சுலபமாக வரும், அதனால் எப்படியும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

---

தாதி_ரவி எழுதியது:

போன் செய்து கேட்டீர்களே, அதுதான் பெரிய விஷயம் அக்கா. பதிலே சொல்லிவிட்டது.

ஃபில்லர் பற்றி: ஹையலுரோனிக் அமிலம் என்றால் கல்யாணத்துக்கு நாலைந்து வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், நீலம் பாய்ந்தால் மறையவும், மேடு பள்ளம் இருந்தால் சரிசெய்யவும் நேரம் கிடைக்கும். கன்னத்துக்குக் கொஞ்சமாக. டாக்டர்தான் போடவேண்டும், வீட்டுக்கு வந்து போடுகிறேன், அழகு நிலையத்தில் மலிவாகப் போடுகிறேன் என்று சொல்பவர்களிடம் போகவே கூடாது, அது சட்டவிரோதம். ஹையலுரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பார்வை மங்கினாலோ, போட்ட இடம் வெளுத்தோ திட்டுத்திட்டாக நீலமாகவோ ஆனாலோ, ஊசி போட்ட இடத்தைத் தாண்டி வலி கூடினாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் அந்த நிமிடமே சொல்லவேண்டும், பார்வையென்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. பின்னாளில் கொழுப்பு ஏற்றப் பொதுவாகத் தடையாக இருக்காது, ஆனால் எங்கே எவ்வளவு எந்தப் பொருள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டருக்குத் தேவைப்படும்.

நூல் போட்டு இழுப்பது பற்றியும் உங்களுக்கு யாராவது சொல்லப்போகிறார்கள். தொங்குவதற்கு அது, வற்றியதற்கு அல்ல, விடுங்கள்.

மாத்திரை விஷயம் முக்கியம். எம்பாக்ளிஃப்ளோசின் வகையைப் பெரும்பாலும் அறுவைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், பட்டினி கிடக்கும்போது இரத்தத்தில் அமிலம் ஏறி ஆபத்தாகலாம், அதுவும் சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டிக்கொண்டிருக்கும்போது. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், உங்களுக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்து சொல்லவேண்டும். வாரம் ஒரு தடவை போடுகிற எடை குறைப்பு ஊசி எதையாவது பின்னால் ஆரம்பித்தால் அதையும் சொல்லவேண்டும், அது வயிற்றில் சாப்பாட்டை நிறுத்தி வைக்கும், மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். உங்கள் 6.2 நல்ல எண், புண் ஆறுவதற்கு அது பெரிய உதவி. எடை ஒரே இடத்தில் ஒரு ஆறு மாதமாவது நிற்கட்டும். சரியாகச் சாப்பிட்டும் தானாகக் குறைந்துகொண்டே போனால் முகத்தை விட்டுவிட்டுத் தைராய்டு உட்பட எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

---

வசந்தா_சுவாசூகாங் எழுதியது:

சாந்தி, கல்யாணப் படத்துக்கு ஒரு யோசனை. மணவறையில் விளக்கு மேலேயிருந்து அடிக்கும், அதில் எல்லோருக்குமே கண்ணுக்குக் கீழே நிழல் விழும். படம் எடுப்பவரிடம் முன்னாலிருந்தும் ஒரு மெல்லிய விளக்கு வைக்கச் சொல்லுங்கள், என் தங்கை மகள் கல்யாணத்தில் அப்படித்தான் செய்தோம், அத்தனை பேர் முகமும் தெளிவாக வந்தது. மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் கண்ணடிக் கருப்பை மறைக்கும் கிரீம் இருக்கிறது, நம் தோலுக்கு அதுதான் எடுக்கும், வெள்ளையாக இருப்பதைப் பூசினால் சாம்பல் படிந்த மாதிரி ஆகிவிடும். மேக்கப் போடுகிற பெண்ணை ஒரு நாள் முன்னதாக வரவைத்துப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த வருடம் செய்வதாக முடிவானால் இங்கேயே எழுதுங்கள், என் இறுக்கக் காற்சட்டை இரண்டு துவைத்து வைத்திருக்கிறேன், புதிது 100 வெள்ளிக்கு மேல் சொல்வார்கள். அளவு உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

---

சாந்தி_ஈசூன் எழுதியது:

ஜோதி, எப்படித் தெரிந்தது? மேலே இடது பக்கம் மூன்று கடைவாய்ப் பல் இல்லை, எடுத்து எட்டு வருடம் ஆகிறது. கண்ணாடியில் பார்த்தேன், இடது கன்னம்தான் அதிகமாக ஒட்டியிருக்கிறது. வியாழக்கிழமைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

வசந்தா அக்கா, காற்சட்டையை எடுத்து வையுங்கள். அதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை கொடுக்க நானே சுவா சூ காங் வருகிறேன், எந்தப் புளோக் என்று தனியாகச் செய்தி அனுப்புங்கள்.